மேட் முல்லன்வெக்கும் என் மெயின்டெனன்ஸ் வேலையும்

நான் வெப் டெவலப்பர், பெரும்பாலும் யாரோ கட்டி விட்டுட்டுப் போன சைட்டுங்களைப் பாத்துக்கிற வேலைதான். எங்க ஃபீல்டுல இந்த மெயின்டெனன்ஸுக்கு மதிப்பு கம்மி, புதுசா ஆரம்பிக்கிறவங்களைத்தான் பெருசா பேசுவாங்க. எனக்கு அது சரின்னு பட்டதே இல்ல, அதுக்கு நான் காட்டுற ஆளு, வெப்சைட் கட்டற வேர்ட்பிரஸ்ங்கற சாஃப்ட்வேரை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான மேட் முல்லன்வெக்.

1984ல ஹூஸ்டன்ல பொறந்தவர், சாக்ஸபோன் வாசிப்பார். அவர் பிளாக் எழுத யூஸ் பண்ணது பி2ன்னு ஒரு சாஃப்ட்வேர், அதை எழுதின மிஷெல் வால்ட்ரிகி கவனிக்காம விட்டுட்டாரு. ஜிபிஎல் லைசென்ஸ்ங்கறதால யார் வேணா எடுத்து வளர்க்கலாம், அதைப் பண்ணலாமான்னு 2003 ஜனவரில மேட் எழுதினார், இங்கிலாந்துல இருந்து மைக் லிட்டில் நானும் வரேன்னு கமென்ட் போட்டார், மே 27ல வேர்ட்பிரஸ்ங்கற பேர்ல 0.7 வெர்ஷன் வந்துருச்சு. அப்ப மேட்டுக்கு வயசு 19தான்! இன்னிக்கும் வேர்ட்பிரஸ் கூடவே வர்ற லைசென்ஸ் ஃபைலைத் தொறந்தா வால்ட்ரிகி பேரு இருக்கும், எனக்கு அதைப் பாக்கறப்பல்லாம் சந்தோஷமா இருக்கும்.

2004ல 1.2 வெர்ஷன்ல பிளகின் வசதி வந்துச்சு, அதாவது மெயின் கோடைத் தொடாம வேணுங்கற வசதியைத் தனியா எழுதி மாட்டிக்கலாம். என் வேலையில இதோட அருமை தினமும் தெரியும். முன்னாடி இருந்த டெவலப்பர் கோர் ஃபைல்லயே, அதாவது வேர்ட்பிரஸோட சொந்த கோடுலயே கைய வச்சிருந்தா, அப்டேட் பண்ண உடனே அவர் பண்ணதெல்லாம் போயிடும், கிளையன்ட் போன் பண்ணி ஃபார்ம் எங்கன்னு கேப்பாரு. ஹூக், அதாவது பிளகினை மாட்டறதுக்குன்னு கோர்ல விட்டு வச்சிருக்கற இடம், அது வழியா பிளகின்ல எழுதியிருந்தா கோர் மாறினாலும் அது பாட்டுக்கு ஓடும், பின்னாடி வர்றவங்களை நெனச்சு வச்ச மாதிரி இருக்கும்.

மேட் காலேஜை விட்டுட்டு சிநெட்ங்கற டெக் நியூஸ் கம்பெனில சேந்தார், 2005ல அதையும் விட்டு ஆட்டோமாட்டிக்னு சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சார். அங்க எந்த வேலைக்கு சேந்தாலும் முதல் கொஞ்ச நாள் கஸ்டமர் சப்போர்ட்ல உக்காரணும். நான் இருந்த ஒரு ஆபீஸ்ல கிளையன்ட் சொன்னது மூணு பேர் கை மாறி எங்கிட்ட வர்றதுக்குள்ள வேற விஷயமாவே ஆயிருக்கும், அதனால இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனா 2024ல, வேர்ட்பிரஸ் சைட்டுங்களை ஹோஸ்ட் பண்ற டபிள்யூபி என்ஜின் கம்பெனியோட நடந்த சண்டையில நான் அவர் பக்கம் இல்ல. கோவம் கம்பெனி மேல, ஆனா அவர் அந்தக் கம்பெனிக்கு வேர்ட்பிரஸ் சர்வர் கனெக்‌ஷனை நிறுத்தினதும் பிளகின் அப்டேட் வராம நின்னது அங்க சைட் வச்சிருந்த ஜனங்களுக்கு. மெயின்டெனன்ஸ் பாக்கறவங்க வலி அவருக்குத் தெரியாததா என்ன?