பெத்திடின் ஊசிக்குப் பிறகு பால் குடிக்காமல் தூங்கிய மகள்

எனக்குப் பிரசவம் லண்டனில். முதுகில் போடும் வலி மருந்தான எபிடியூரல் கேட்டிருந்தேன், அதைப் போட வேண்டிய மயக்க மருத்துவர் அப்போது ஒரு சிசேரியனில் இருந்தார். மூச்சோடு இழுக்கும் 'கேஸ் அண்ட் ஏர்' எனக்குப் போதவில்லை. வலி குறைக்கும் ஊசியான பெத்திடின் போடலாமா என்று, பிரசவம் பார்த்த மிட்வைஃப் கேட்டார். எனக்குத் தூக்கமும் குமட்டலும் வரலாம், மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும், பிறந்ததும் மந்தமாக இருக்கலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். சரி என்றேன். வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கண்ணயர முடிந்தது, அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

எல்லாரும் நினைத்ததைவிடச் சீக்கிரமாக, ஊசி போட்டு இரண்டு மணி நேரம் போல ஆனபோது மகள் பிறந்துவிட்டாள். குழந்தையின் மூச்சு மந்தப்படும் வாய்ப்பு அதிகமுள்ள நேரம் அதுதானாம். மூச்சு மிகவும் தளர்ந்தால் பெத்திடினின் விளைவை முறிக்க நாலோக்சோன் என்ற மருந்து உண்டு, அவளுக்குத் தேவைப்படவில்லை. அழுதாள், நிறம் நன்றாக இருந்தது, பிறந்ததும் குழந்தையின் நிலையைப் பார்த்துப் போடும் ஆப்கார் மதிப்பெண்ணும் நல்லபடியாக வந்தது.

ஆனால் பால் குடிக்கவில்லை. மார்பில் போட்டால் முகத்தை வைத்துக்கொண்டு தூங்கினாள். காம்பு உதட்டில் பட்டால் வாய் லேசாகத் திறக்கும், சப்ப மாட்டாள். ஆப்கார் பார்ப்பது இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, நிறம். சப்பும் திறன் அதில் இல்லை. "ஏண்டி, புள்ள கண்ணே தொறக்கலையே, சர்க்கரைத் தண்ணியாவது தொட்டு வைக்கலாமா?" என்று அம்மா தவித்தார். வேண்டாம் என்று மிட்வைஃப் மென்மையாகத் தடுத்துவிட்டார்.

அவர் விளக்கியதுதான் என்னைத் தெளியவைத்தது. பெத்திடின் உடலில் நார்பெத்திடின் என்ற பொருளாக மாறும், அதுவும் குழந்தையை மந்தமாக்கும். பெரியவர்கள் உடலில் பெத்திடின் சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பச்சிளம் குழந்தையின் கல்லீரல் முதிராததால் நார்பெத்திடின் பாதியாகவே இரண்டு நாளுக்கு மேல் ஆகலாம். பிறகு தேடியபோது 1990இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்வீடன் ஆய்வு கிடைத்தது. பார்த்த 72 குழந்தைகளில் 40 பேரின் அம்மாக்களுக்குப் பெத்திடின் போட்டிருந்தார்கள். அந்த 40 பேரில் 25 பேர் முதல் இரண்டு மணி நேரத்தில் சப்பவே இல்லை. எனக்குப் பால் இல்லை என்று அழுதுகொண்டிருந்தவளுக்கு இதை அன்றே யாராவது காட்டியிருக்கலாம்.

நாங்கள் செய்தது: துணியில்லாமல் மார்போடு மார்பாக அணைத்து வைத்தது, பசி வந்து அழக் காத்திருக்காமல் அவ்வப்போது டயப்பரை அவிழ்த்து, உள்ளங்காலை வருடி எழுப்பியது. சீம்பாலைக் கையால் பீய்ச்சி, ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் உறிஞ்சிக் கன்னத்தின் உள்பக்கம் துளித்துளியாக விட்டோம். அந்தப் பொன்னிறத் துளிகளைச் சேர்ப்பதற்குள் விரல் மரத்துப்போகும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட விழித்திருந்தாள். பிறகு ஒரு விடியற்காலையில் தானாகவே கவ்வி, அவள் விழுங்கும் சத்தம் கேட்டது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

இந்த ஊசி போட்டுக்கொள்பவர்கள் போட்ட நேரத்தைக் கேட்டு வைத்து, வார்டு மாறும்போது அங்கே சொல்லுங்கள். எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு வித்தியாசமாகத் தெரிந்தால், சிறுநீர் போகாவிட்டால், மருந்து மயக்கம்தான் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.