அசோய்ச்காவின் மஞ்சள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் நடுவில், ‘அசோய்ச்கா’ என்று எழுதி ஊன்றிய குச்சியின் அருகே நின்ற நான்கு தக்காளிச் செடிகளில் மூன்று எலுமிச்சை மஞ்சளில் பழுக்க, நான்காவது மட்டும் சிவப்பாகப் பழுத்தது. அந்த விதை முந்தைய ஆண்டு நானே எடுத்து, கழுவி, காயவைத்துப் பெயரெழுதி வைத்தது. கடையில் மாறிப்போக வழியே இல்லை. மஞ்சள் தக்காளியை வளர்ப்பது வேறு, அதை மஞ்சளாகவே காப்பாற்றுவது வேறு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில், எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒன்பது ஆண்டுகளாகத் தக்காளி வைத்து வருகிறேன். இங்கே உறைபனிப் பயம் நீங்கி நாற்றை வெளியே நட மே மாதத்து விக்டோரியா தின விடுமுறை வரை பொறுத்திருக்க வேண்டும். செப்டம்பர் முடிவதற்குள் இரவுகள் குளிர்ந்துவிடும். குறுகிய கோடையிலேயே பழுத்து முடியும் இரகங்களைத் தேடியபோதுதான் ரஷ்ய இரகங்கள் கண்ணில் பட்டன. மாஸ்கோவைச் சுற்றியுள்ள ‘தாச்சா’ என்னும் தோட்ட வீடுகளில் ஜூன் முதல் வாரத்திலும் உறைபனி விழுவதுண்டு. அப்படிப்பட்ட நிலத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே சன்னலோரத்தில் நாற்றுவிட்டு மக்கள் வளர்த்தெடுத்த இரகங்கள் எங்கள் கோடைக்குப் பொருந்தியதில் வியப்பில்லை.

அசோய்ச்கா, மாஸ்கோவைச் சேர்ந்த விதை வணிகர் மரீனா தனிலென்கோ வழியாக, அமெரிக்காவின் ‘சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்’ அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான கென்ட் வீலியின் கைக்கு வந்து, அங்கிருந்து வட அமெரிக்கத் தோட்டங்களுக்குப் பரவிய இரகம். பழம் சற்றே தட்டையான உருண்டை. வாயில் வைத்ததும் நாரத்தையை நினைவூட்டும் ஒரு புளிப்பு, அதன் பின்னால் இனிப்பு. ‘கலீனா’ என்பது சைபீரியாவிலிருந்து வந்த சிறுபழ இரகம். கொத்துக் கொத்தாகக் காய்த்துக்கொண்டே இருக்கும். ‘மெதோவிய் ஸ்பாஸ்’ விதையை எனக்குத் தந்தவர், என்னோடு வேலை பார்த்த ஓம்ஸ்க் நகரத்துப் பெண்மணி. ஆகஸ்ட் 14ஆம் நாள் ரஷ்யத் திருச்சபையில் புதுத்தேனை வைத்து வழிபடும் திருநாளின் பெயரையே அந்தத் தக்காளிக்கு வைத்திருக்கிறார்கள். இதய வடிவில், தேனின் மஞ்சளில், ஒரு பழமே 400 கிராமைத் தாண்டி என் தராசில் நின்றிருக்கிறது.

ரஷ்ய மொழியில் தக்காளிக்குப் ‘பமிதோர்’ என்று பெயர். பொன் ஆப்பிள் என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது அது. 1554இலேயே இத்தாலிய மருத்துவர் மத்தியோலி தக்காளியை அந்தப் பொன் பெயரால் குறித்திருக்கிறார். ஐரோப்பியர் தொடக்கத்தில் கண்ட தக்காளிகளில் மஞ்சளும் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி.

வளர்ப்பில் மற்றத் தக்காளிக்குச் செய்வதுதான் இதற்கும். மார்ச் இறுதியில் வீட்டுக்குள் விதைத்து, நடுவதற்கு முன் ஒரு வாரம் நாற்றை வெளியே வைத்து எடுத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குகிறேன். இந்த மூன்றும் நெடுக வளரும் கொடிகள் என்பதால் ஆறடிக் கொழுகொம்பு வேண்டும். இலைக்கக்கத்தில் முளைக்கும் பக்கத் தளிரை ரஷ்யர்கள் ‘பாசினக்’ என்கிறார்கள். மாற்றான் மகன் என்று பொருளாம். பெரிய பழம் தரும் இரண்டிலும் அந்தத் தளிர்களைக் கிள்ளி இரண்டு தண்டுகளை மட்டும் விடுகிறேன்; கலீனாவை அதன் போக்கில் படர விட்டுவிடுகிறேன்.

மஞ்சள் இரகத்தில் பழுத்ததை அறிவதுதான் கடினம். சிவப்புத் தக்காளி தொலைவிலேயே சொல்லிவிடும். இதற்கோ அருகே போய்க் குனிய வேண்டும். காம்பைச் சுற்றிய பச்சை முழுவதும் வடிந்து, வெளிறிய மஞ்சள் பொன்னிறத்துக்கு ஏறி, அடிப்பக்கத்தை விரலால் அழுத்தும்போது மெல்ல உள்வாங்கினால் பறிக்கலாம். முதல் ஆண்டில் வெளிர் மஞ்சளிலேயே அவசரப்பட்டுப் பறித்து, சப்பென்ற பழத்தைத் தின்று, இரகத்தையே குறை கூறினேன். நன்றாகப் பழுத்த அசோய்ச்காவை நான்காக வெட்டிச் சொதியில் கடைசியாகப் போட்டால், சொதியின் நிறமும் கெடாது, தேசிக்காய்ப் புளியும் பாதி போதும். மஞ்சள் தக்காளியில் புளிப்பே குறைவு என்று பலர் சொல்வதை நம்பிப் போத்தலில் அடைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அமிலத்தின் அளவை நிறத்தைக் கொண்டு கணிக்க முடியாது. எந்த நிறமானாலும் அரை லீட்டர் போத்தலுக்கு, கடையில் விற்கும் எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி சேர்த்தே ஆகவேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் இரவுப் பனியும் ஈரமும் கூடினால் இலைக்கருகல் நோய் வந்து மூன்றே நாளில் செடியைக் கருக்கிவிடும். அதற்கு முன்பே முற்றிய காய்களைப் பறித்துவிடுவது ரஷ்யர்களின் வழக்கம். ஓம்ஸ்க் பெண்மணியின் தாயார் அவற்றைக் கம்பளி மூடுகாலணிகளுக்குள் நிரப்பிக் கட்டிலுக்கு அடியில் வைத்துப் பழுக்க வைப்பாராம். நான் காகிதப் பையில் வைக்கிறேன்.

இனி அந்தச் சிவப்புப் பழத்துக்கு வருகிறேன். தக்காளியைச் சிவக்கச் செய்வது லைக்கோபீன் என்னும் நிறமி. அது உருவாகும் வழியின் தொடக்கத்தில் வேலை செய்யும் ஒரு நொதியின் மரபணு பழுதுபட்டால் பழத்தில் லைக்கோபீன் சேராமல் சதை மஞ்சளாகவே நின்றுவிடும். இது ஒடுங்கு பண்பு. இரு பெற்றோர் வழியாகவும் வந்தால்தான் மஞ்சள் வெளியே தெரியும். ஒரு பக்கத்திலிருந்து பழுதில்லாத மரபணு வந்தாலே பழம் சிவந்துவிடும். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது என்றாலும், எங்கள் வளவுக்குப் பம்பிள்பீ என்னும் பருத்த தேனீக்கள் வருகின்றன. ஒன்று பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடலை அதிரவைப்பதையும், மகரந்தம் அதன் வயிற்றில் பொடியாகக் கொட்டுவதையும் அருகிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டடி தள்ளி நின்ற சிவப்புச் செடியிலிருந்து அதே வயிற்றோடு அது வந்திருக்க வேண்டும்.

அந்தப் பழத்தின் விதையை நான் எறியவில்லை. அடுத்த ஆண்டு எட்டுச் செடிகள் வைத்ததில் இரண்டு மஞ்சளாகப் பழுத்தன. மெண்டலின் நான்கில் ஒன்று என்ற கணக்கு அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அப்படியே அமைந்தது தற்செயல்தான் என்றாலும், அதைக் கண்ணால் கண்டது பெரிய நிறைவு. ஆனால் அந்த இரண்டிலும் நாரத்தைப் புளிப்பு இல்லை. ஆகவே அவற்றுக்கு அசோய்ச்கா என்று பெயரெழுத எனக்கு மனம் வரவில்லை.

இப்பொழுது விதைக்கென்று ஒதுக்கும் கொத்தை, மொட்டு விரியும் முன்பே மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிவிடுகிறேன். நண்பகலில் காம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், மகரந்தம் உதிர்ந்து சூல் பிடிக்கும். காய் பட்டாணி அளவு ஆனதும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் நீல நூல் கட்டுகிறேன். பழுத்த பின் விதையைச் சாற்றோடு மூன்று நாள் நொதிக்கவிட்டு, மேலே படியும் வெண்பூஞ்சையை நீக்கிக் கழுவி, பீங்கான் தட்டில் பரப்பிக் காயவைக்கிறேன்.

கலீனாவுக்கு இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. அதன் இலை உருளைக்கிழங்கு இலையைப் போல விளிம்பு வெட்டில்லாதது. அதுவும் ஒடுங்கு பண்புதான். கலப்பு நேர்ந்திருந்தால் நாற்றிலேயே இலை காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஏப்ரலில் சன்னலோரம் நின்ற 18 நாற்றுகளில் ஒன்றின் நான்காம் இலை, விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாக வெட்டுப்பட்டு விரிந்தது. அதைத் தனிச் சட்டிக்கு மாற்றி, பெயர் எழுதாத குச்சி ஒன்றை ஊன்றி வைத்தேன்.