காயலாங்கடையில இருந்து வந்த டான்ஸ் பேட்

எங்க வீட்டு ஹால்ல டீப்பாய் இருந்த இடத்துல இப்போ ஒரு இரும்பு மேடை கிடக்கு. நாலு பக்கமும் அம்புக்குறி போட்ட அக்ரிலிக், நடுவுல தகடு, பின்னாடி பிடிச்சுக்க ஒரு கம்பி. மால்ல கேம் ஜோனுக்குப் போன எல்லாருக்கும் இது என்னன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடும். டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன், கொனாமி கம்பெனி 1998ல ஜப்பான்ல இறக்கின மெஷின், ஸ்கிரீன்ல அம்பு மேல ஏறி வரும், பாட்டோட தாளத்துக்கு அதே அம்பை நாம காலால மிதிக்கணும், அவ்வளவுதான் ஆட்டம்.

ஸ்கூல் படிக்கிறப்போ அக்காவும் நானும் லீவு நாள்ல போய் ஆளுக்கு ஒரு டோக்கன் வாங்கி ஆடுவோம். அந்த மெஷின்ல ரைட் அம்பு மட்டும் சரியா எடுக்காது. அக்கா ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருந்தா. "டேய், ரைட்டை நடுவுல மிதிக்காத, வெளி ஓரத்துல மிதி, அப்போதான் எடுக்கும்." அது ஏன்னு அப்போ ரெண்டு பேருக்கும் தெரியாது, ஆனா அப்படி மிதிச்சா எடுக்கும், அதனால அப்படியே பழகிட்டோம். அதுக்கான காரணம் எனக்குக் கிடைச்சது இத்தனை வருஷம் கழிச்சு, கையில மல்டிமீட்டரை, அதாவது கரண்ட் அளக்குற கருவியை, வெச்சுக்கிட்டு தரையில உட்கார்ந்திருந்தப்போ.

லாக்டவுனுக்கு அப்புறம் நிறைய கேம் ஜோன் மூடிட்டாங்க இல்லையா, அந்தச் சாமானெல்லாம் எங்க போச்சுன்னு நான் யோசிச்சதே இல்ல. சென்னை புதுப்பேட்டைக்கு பைக் பார்ட்ஸ் தேடிப் போனப்போ ஒரு காயலாங்கடை உள்ளாற சுவத்துல சாய்ச்சு வெச்சிருந்தாங்க, ரெண்டு பேர் ஆடுற மெஷின்ல ஒரு ஆளுக்கான மேடை மட்டும், ஸ்கிரீன் கேபினெட் எல்லாத்தையும் எப்பவோ பிரிச்சு வித்தாச்சாம். கடைக்காரர் அண்ணே, "இது என்னா மெஷின்னே தெரியல தம்பி, எடைக்கு எடுத்தது, நீயும் எடைக்கே எடுத்துக்கோ"ன்னாரு. பேரம் பேச மனசு வரல. நாலு பேர் சேர்ந்து குட்டியானையில ஏத்தி, வீட்டு மாடிப்படியில திருப்பி ஏத்துறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆயிடுச்சு.

கடையில புதுசா விக்கிற துணி மாதிரியான பேட் போதாதான்னு நிறைய பேர் கேட்டாங்க. நான் அதுல ரெண்டு வருஷம் ஆடியிருக்கேன். அது தரையில வழுக்கும், சுருங்கும், முக்கியமா கால் எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியாது, கீழ குனிஞ்சு பார்க்கணும், அதுக்குள்ள மூணு அம்பு போயிடும். இந்த மேடையில தகட்டுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவுல இருக்கிற விளிம்பு பாதத்துல படும், அதை வெச்சே பார்க்காம ஆடலாம். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

சரி, உள்ள என்ன இருக்குன்னு சொல்றேன். அக்ரிலிக் பேனலைப் பிடிச்சிருக்கிற போல்ட்டை எல்லாம் ஆலன் கீ போட்டுக் கழட்டினா பேனல் தனியா வந்துடும். என் பேனலுக்கு அடியில ரெண்டு டோக்கன், ஒரு ஹேர்பின், யாரோ குழந்தையோட கொலுசு மணி ஒண்ணு, அப்புறம் கரிச்சுண்டு மாதிரி அப்பின அழுக்கு. அழுக்கைச் சுரண்டினா ஒவ்வொரு பேனலுக்கும் நாலு ஓரத்துலயும் ஒவ்வொரு பட்டை சென்சார் தெரியும். உள்ள ரெண்டு மெல்லிசான உலோகப் பட்டை, நடுவுல மயிரிழை இடைவெளி, மேல மிதிச்சா ரெண்டும் தொடும், காலை எடுத்தா பிரியும். நாலு பேனல், பேனலுக்கு நாலு, மொத்தம் 16.

மல்டிமீட்டரை, ரெண்டு பட்டையும் தொட்டா பீப் அடிக்கிற மோடுல வெச்சு ஒவ்வொண்ணா கட்டை விரலால அமுக்கிப் பார்த்தேன். முனையில அமுக்கினா ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை, அடுத்த முனையில ஒரு தடவை. சிலது எங்க தொட்டாலும் டக்குனு பீப் அடிச்சுது, சிலது அழுத்திப் பிடிச்சாலும் சத்தமே இல்ல. 5 செத்துப்போச்சு, 11 உயிரோட இருந்துச்சு. 'அப்' அம்பு, அதாவது மேல் அம்பு பேனல்ல நாலுல மூணு காலி. ஆனா அந்தப் பேனலும் கேம் ஜோன்ல வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கும், ஏன்னா நாலு சென்சார்ல ஏதாவது ஒண்ணு தொட்டாலே மெஷின் அதை மிதிச்சதா எடுத்துக்கும். மிச்சம் இருக்கிற ஒண்ணு எந்த ஓரத்துல இருக்கோ அங்க மிதிச்சா எடுக்கும், மத்த இடத்துல மிதிச்சா எடுக்காது.

அக்கா சொன்ன வெளி ஓரம்! அந்த மெஷின்ல ரைட் அம்போட மூணு சென்சார் போயிருக்கும், வெளி ஓரத்துல ஒண்ணு மட்டும் பிழைச்சிருக்கும். உடனே அவளுக்கு போன் பண்ணி சொன்னேன், அவ ரெண்டு நிமிஷம் சிரிச்சுக்கிட்டே இருந்தா.

இருக்கிற 11ஐ மூணு, மூணு, மூணு, ரெண்டுன்னு பிரிச்சேன். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு எல்லாத்தையும் துடைச்சேன். நடுவுல நின்னு ஆடுறப்போ கால் பெரும்பாலும் பேனலோட உள் பக்கத்துலதான் விழும், அதனால ரைட்டுக்கும் லெஃப்டுக்கும் வெளி ஓரத்தை காலியா விட்டுட்டு மிச்ச மூணு பக்கமும் வெச்சேன். அப்புக்கு உள் ஓரத்துல ஒண்ணு, எதிர்ல ஒண்ணு. ஒவ்வொரு சென்சாரோட வயர்லயும் கழட்டி மாட்டுற கனெக்டர் போட்டுட்டேன், நாளைக்கு ஒண்ணு செத்தா மறுபடி ஈயம் பத்த வைக்கத் தேவையில்ல.

மேடைக்குள்ளயே ஒரு போர்டு இருக்கு, சென்சாரெல்லாம் அதுக்குத்தான் போகுது. அதையே கம்ப்யூட்டர்ல சொருகிடலாம்னு நினைக்காதீங்க. கேம் மெஷின் பக்கத்துல இருந்து சரியான சிக்னல் வந்தாதான் அது வாயையே திறக்கும். அதைக் கழட்டி பத்திரமா கவர்ல போட்டு வெச்சுட்டு, சென்சார் வயரை நேரா வெளிய எடுத்தேன். ஒரு பேனல்ல இருக்கிற எல்லா சென்சாரோட ஒரு முனையையும் சேர்த்து கிரவுண்டுக்கு, அதாவது எல்லாத்துக்கும் பொதுவான வயருக்கு, இன்னொரு முனையை எல்லாம் சேர்த்து ஒரு சிக்னல் வயருக்கு. ஆக மொத்தம் நாலு சிக்னல் வயர், ஒரு கிரவுண்டு.

முதல்ல வீட்டுல கிடந்த பழைய யூஎஸ்பி கேம்பேடை உடைச்சு, அதோட திசை பட்டன்ல இந்த நாலு வயரையும் பத்த வெச்சேன். தனித்தனியா மிதிச்சா அருமையா எடுத்துச்சு. லெஃப்டும் ரைட்டும் ஒண்ணா குதிச்சா ரெண்டுமே காணாம போச்சு. காரணம் என்னன்னா கேம்பேடுக்கு இடமும் வலமும் ஒரே கோட்டோட ரெண்டு முனை, ரெண்டையும் சேர்த்து அமுக்கினா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு நடுவுக்கு வந்துடும். சாதாரண கேம்ல யாரும் அப்படி அமுக்க மாட்டாங்க, ஆனா இந்த ஆட்டத்துல பாதி அழகே அந்த குதிப்புலதான் இருக்கு. அதனால நாலு அம்பும் நாலு தனி பட்டனா போகணும், இதை மட்டும் மறக்காதீங்க.

அதுக்கப்புறம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் ப்ரோ மைக்ரோ போர்டு வாங்கினேன், நாமளே புரோகிராம் எழுதிப் போடுற குட்டி போர்டு. இதுல 32யூ4 சிப் இருக்கிறதால கம்ப்யூட்டர்ல சொருகினா கீபோர்டாவோ ஜாய்ஸ்டிக்காவோ தன்னைத்தானே காட்டிக்கும், இதே மாதிரி இன்னொரு போர்டான அர்டுயினோ ஊனோ ஆர்3 வாங்கினா அது நேரா நடக்காது. சிக்னல் வயர் சேர்ற பின்னை போர்டுக்கு உள்ளயே புல்-அப் பண்ணிக்கலாம், அதாவது மிதிக்காதப்போ 'ஒண்ணு'லயே நிக்கும்படி பிடிச்சு வெக்கலாம், தனியா ரெசிஸ்டர் வேணாம். மிதிச்சா பின் பூஜ்யம், விட்டா ஒண்ணு.

ஒரே ஒரு இடத்துல மட்டும் போர்டுக்கான புரோகிராமை யோசிச்சு எழுதணும். உலோகமும் உலோகமும் தொடுறப்போ சுத்தமா ஒரு தடவை தொடாது, சில மில்லிசெகண்டுக்கு படபடன்னு துடிக்கும், கேம் அதை ரெண்டு மூணு மிதின்னு எடுத்துக்கும். வழக்கமா இதுக்கு துடிப்பு அடங்கட்டும்னு காத்திருந்து அப்புறம் அனுப்புவாங்க. நான் மாத்தி எழுதினேன்: முதல் தொடுகை வந்த உடனே அனுப்பிடு, அதுக்கப்புறம் 5 மில்லிசெகண்டுக்கு அந்த அம்புல என்ன நடந்தாலும் கண்டுக்காத. நான் ஆடுறது ஸ்டெப்மேனியாவுல, இலவச ஓப்பன் சோர்ஸ் கேம். நேரத்தை எவ்வளவு கறாரா பார்க்கணும்ங்கிறதுதான் ஜட்ஜ் செட்டிங், அதோட சாதாரண ஜட்ஜ்ல உச்சபட்ச மார்க் வாங்க மிதி 22.5 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும். தாமதம் எப்பவும் ஒரே அளவா இருந்தா கேம்ல ஆஃப்செட், அதாவது பாட்டுக்கும் அம்புக்கும் உள்ள நேர வித்தியாசத்தை மாத்தி சரி பண்ணிடலாம், ஒரு தடவை 2, ஒரு தடவை 9னு மாறிக்கிட்டே இருந்தா எந்த செட்டிங்காலயும் சரி பண்ண முடியாது, அதான் நான் இதுல பிடிவாதமா இருந்தேன். டிவில கேம் மோடை ஆன் பண்ணவும் மறக்காதீங்க, சில டிவில அது இல்லாம படம் 100 மில்லிசெகண்டுக்கு மேல லேட்டா வரும், அப்புறம் பேடைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

லைட்டு பத்தி சுருக்கமா. பேனலுக்கு அடியில இருந்தது கோல்ட் கேதோட் டியூப், டியூப்லைட் மாதிரி ஒல்லியா இருக்கும், அதுக்குன்னு இருக்கிற சின்ன இன்வெர்ட்டர் போர்டுல இருந்து அதிக வோல்டேஜ் போகும், உள்ள பாதரசமும் இருக்கும், உடைக்காம பொறுமையா எடுங்க. அந்த இடத்துல 12 வோல்ட் எல்ஈடி ஸ்ட்ரிப் ஒட்டிட்டேன். அதுக்கு தனி பவர் சப்ளை, யூஎஸ்பில இருந்து இழுக்கக்கூடாது. மேடை முழுக்க இரும்பு, வெறுங்கால் வேற வைக்கிறோம், அதனால மூணு பின் பிளக் போட்டு ஃபிரேமை கண்டிப்பா எர்த் பண்ணுங்க, இதுல சோம்பேறித்தனம் வேணவே வேணாம். துரு பிடிச்ச இடத்தை எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு ரெட் ஆக்சைடு அடிச்சேன், மெட்ராஸ் காத்துக்கு அது இல்லாம தாங்காது.

எல்லாம் முடிஞ்சு முதல் நாள் ராத்திரி ஆடினப்போ மூணாவது பாட்டுலயே கீழ் வீட்டுப் பாட்டி மேல வந்துட்டாங்க. "என்னப்பா, ராத்திரி நேரத்துல மாவு இடிக்கிறீங்களா?" கோபமாக்கூட கேக்கல, நிஜமாவே சந்தேகமா கேட்டாங்க. அவங்களை உள்ள கூப்பிட்டு மேடையைக் காட்டினேன். மறுநாளே 18 மில்லிமீட்டர் பிளைவுட் வாங்கி, அதுக்கு அடியில ஜிம்முல போடுற ஃபோம் மேட் ரெண்டு அடுக்கு போட்டு மேடையை அது மேல ஏத்தினேன். சத்தம் நல்லா குறைஞ்சுது, முழுசா போகல. அதனால ராத்திரி 8 மணிக்கு மேல ஆடுறதில்லன்னு பாட்டிகிட்ட சொல்லிட்டேன், இதுவரைக்கும் காப்பாத்திக்கிட்டு வர்றேன்.

தமிழ்ப் பாட்டுக்கு நாமளே ஸ்டெப் எழுதலாம், அதாவது எந்த இடத்துல எந்த அம்பு வரணும்னு குறிச்சு வெக்கலாம், அதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச வேலை. ஆனா பழைய பாட்டெல்லாம் ஆளுங்க உட்கார்ந்து கையால வாசிச்சது, கம்ப்யூட்டர் தாளம் இல்ல. ஒரு வேகத்தைக் கொடுத்துட்டு விட்டா பல்லவி முடியறதுக்குள்ள அம்பு தாளத்தை விட்டு விலகிடும். தபலாக்காரர் சரணத்துல கொஞ்சம் ஓடியிருப்பாரு, இடையிசை முடிஞ்சு திரும்பி வர்ற இடத்துல நிதானிச்சிருப்பாரு, அங்கங்க வேகத்தை மாத்தி மாத்தி எழுதணும். ஒரு பாட்டுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போயிடும். ஆனா அப்படிக் கேக்குறப்போதான் அந்தப் பாட்டு உள்ள எப்படி மூச்சு விடுதுன்னு தெரியுது.

பொங்கலுக்கு அக்கா கோயம்புத்தூர்ல இருந்து வந்தா, கூடவே அவ பொண்ணு, ஏழு வயசு, 22 கிலோ. குட்டி ஏறி நின்னு மிதிக்குது, ஒண்ணுமே எடுக்கல. குதிச்சாதான் எடுக்குது. அதுக்கு முகம் வாடிப்போச்சு. இந்த சென்சாருக்கு அவ எடை பத்தல, பேனலுக்கும் சென்சாருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைக் குறைக்கணும். வீட்டுல இருந்த கல்யாணப் பத்திரிகை அட்டையை சென்சார் அகலத்துக்கு பட்டை பட்டையா வெட்டி ஒவ்வொரு சென்சாருக்கு அடியிலயும் ஒரு அடுக்கு வெச்சேன். டவுனுக்கு ஒண்ணு போதும், லெஃப்டுக்கு ரெண்டு தேவைப்பட்டுச்சு, மூணு வெச்சா யாரும் மிதிக்காமலே அம்பு அமுங்கின மாதிரி நின்னுடுது. ரெண்டே சென்சார் இருக்கிற அப்புக்கு மட்டும் இது பத்தல. அதுக்கு அழுத்தத்தை அளக்குற எஃப்எஸ்ஆர் சென்சார் வாங்கி வெச்சிருக்கேன். அது தொட்டுச்சா தொடலையான்னு சொல்லாது, எவ்வளவு அழுத்தம்னு நம்பரா சொல்லும், எந்த நம்பருக்கு மேல போனா மிதின்னு நாம முடிவு பண்ணலாம், குட்டிக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கலாம். பேனலோட கனமும் ஸ்க்ரூ இறுக்கமும் சேர்ந்து சும்மா இருக்கிறப்பவே ஒரு நம்பர் காட்டும், அதுக்கு மேலதான் எல்லையை வைக்கணும், அந்த நம்பரும் நாளாக ஆக கொஞ்சம் நகரும்னு படிச்சேன். மாட்டிப் பார்த்துட்டு தனியா எழுதுறேன்.

குட்டி தூங்கினதுக்கு அப்புறம் அக்கா ஏறினா. எட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு. புடவையைச் சொருகிக்கிட்டு, பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ஈஸியா ஒரு பாட்டு போடச் சொன்னா. லெஃப்ட், டவுன், அப் எல்லாம் ஒழுங்கா விழுது, ரைட் மட்டும் ஒண்ணு விட்டு ஒண்ணு மிஸ். எனக்கு முதல்ல புரியல, சென்சார் போயிடுச்சோன்னு குனிஞ்சு அவ காலைப் பார்த்தேன். அந்தப் பழைய மெஷின்ல பழகின மாதிரியே ஒவ்வொரு தடவையும் வெளி ஓரத்துல மிதிக்கிறா. நான் சென்சார் வைக்காம விட்ட அதே ஓரம்.

பாட்டு முடிஞ்சதும் ஆலன் கீயை எடுத்து ரைட் பேனலைக் கழட்டினேன். மேல் பக்கத்துல இருந்த சென்சாரை எடுத்து வெளி ஓரத்துல வெச்சு, அட்டை ஒரு அடுக்கு கொடுத்து மூடினேன். அக்கா பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டா எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்தா.