இரண்டாவது சம்பளம் எங்கே போகிறது

போன மாதம் வீட்டுக் கடன் கேட்டு காரைக்குடியில் ஒரு வங்கிக்குப் போயிருந்தோம். இவருடைய சம்பளச் சீட்டைப் பார்த்த அதிகாரி, "மேடம் சம்பளத்தையும் சேர்த்தாத்தான் சார் இந்தத் தொகை வரும்" என்றார். என்னுடையதும் பையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் கணக்கு முடிந்தது. அடுத்த இருபது வருஷத்துக்கு நான் வேலையை விட முடியாது என்பதும் அதோடு முடிவானது.

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சம்பளக்காரர்கள் வீடு வாங்கிய ஃபைல் எது வந்தாலும் இப்போதெல்லாம் பெரும்பாலும் கணவன், மனைவி இரண்டு பேர் பெயரிலும் கடன் இருக்கிறது. பழைய வரி முறையில் ஆளுக்கு 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம் என்பது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம், ஒற்றைச் சம்பளத்துக்கு அந்த வீடு கிடைக்காது. எல்லோரும் இரண்டு சம்பளத்தோடு வீடு தேடும்போது விலையும் இரண்டு சம்பளத்தைப் பார்த்தே ஏறுகிறது, பள்ளிக் கட்டணமும் அப்படித்தான்.

பெண்கள் படித்ததால் வேலைக்குப் போகிறார்கள் என்பார்கள். அது பாதிதான் உண்மை. 1947-லேயே அழகப்பச் செட்டியார் கல்லூரி தொடங்கிய ஊர் இது. எங்கள் ஆத்தா, அதாவது அம்மா, பட்டதாரி, ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. அப்பச்சியின், அதாவது அப்பாவின், சம்பளத்திலேயே நாங்கள் மூன்று பேர் படித்தோம்.

இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7 சதவீதம் என்கிறது அரசின் கணக்கெடுப்பு. கூடியதில் பெரும்பங்கு கிராமத்துச் சுயதொழிலும், சொந்த வயலிலும் கடையிலும் கூலியில்லாமல் செய்கிற வேலையும்தான். அதைப் படித்ததும் எனக்கு அப்பத்தா, அப்பாவின் அம்மா, ஞாபகம் வந்தது.

அப்பத்தாவின் கணவர், எங்கள் ஐயா, மலேயாவில் கடையில் இருந்தவர். மூன்று வருஷக் கணக்குக்குப் போனால் முடித்துத்தான் திரும்புவார். கல்யாணமான கையோடு அப்பத்தாவை வேறு வைத்துவிட்டார்கள், அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிக் கணக்கு. வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம், அதற்குள் சமாளிக்க வேண்டும். சமாளித்தார். சீதனப் பணத்தை வட்டிக்கு விட்டு, வட்டியைத் தொடாமல் முதலோடு சேர்த்து, நீளமான சிவப்பு அட்டை நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். இரண்டாவது வரும்படி அன்றும் இருந்தது, ஆனால் அது அவருடைய பணமாகவே நின்றது. என்னுடையது ஐந்தாம் தேதி தவணைக்குப் போய்விடுகிறது.

அப்புறம் பிள்ளைகள். அப்பத்தா வீட்டில் ஆறு புள்ளி, அதாவது ஆறு குடும்பம், ஒரே வளவு வீட்டில் இருந்தார்கள், யார் பிள்ளை யார் மடியில் என்றே தெரியாது. என் மகளுக்குப் பள்ளி மூன்றரைக்கு விடும், நான் வீடு சேர ஆறரை. 2017-இல் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியபோது குழந்தைகள் காப்பகமும் சட்டத்தில் வந்தது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு மட்டும். எங்கள் ஆபீஸில் பதினோரு பேர். எனக்கு வேலை பிடிக்கும், விடுகிற எண்ணமும் இல்லை. ஆனால் இந்த மூன்று மணி நேரத்துக்கு ஊரில் வார்டுக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், மாலையில் அடுப்படியில் இவரும் நிற்க வேண்டும்.

இப்போதைக்கு அவள் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இருக்கிறாள். நான் போகும்போது வாசல் படியில் பையை மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், ஆச்சி எத்தனை தடவை சொன்னாலும் கழற்ற மாட்டாளாம்.