மொழிபெயர்த்தாலும் நகல்தான்

மலேசியாவின் பகாவ் வட்டாரத்தில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஒரு சிறு நகரில், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளர்களுக்குத் தமிழில் பயிற்சிக் கையேடு தயாரிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரையைப் பத்தி பத்தியாகத் தமிழாக்கி, பட்டையில் வெட்டுக்கோடு போடும் விதத்தைக் காட்டும் அதன் படத்தையும் நகலெடுத்து ஒட்டி, தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு பக்கம் படித்துவிட்டு, "தம்பி, இதில் உன் எழுத்து எங்கே இருக்கிறது?" என்றார்.

அறிவியல் எல்லாருக்கும் பொது என்று நான் வாதாடினேன். அதில் பாதி சரிதான். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கருத்துக்கும், செய்முறைக்கும், கணிதக் கோட்பாட்டுக்கும் பாதுகாப்பு தருவதில்லை. அவற்றைச் சொன்ன சொற்களுக்கும் வரைந்த படத்துக்கும்தான் தருகிறது. மொழிபெயர்க்கும் உரிமையும் ஆசிரியருடையதே என்பது, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமாகிய பெர்ன் உடன்படிக்கையின் விதி. மலேசியா அதில் 1990இல் சேர்ந்தது. ஆகவே ஆங்கிலத்தைத் தமிழாக்கியதால் வாக்கியம் என்னுடையதாகிவிடவில்லை. பதிப்புரிமை, கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படும் பேடண்ட் இரண்டையும் தமிழில் 'காப்புரிமை' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். என் குழப்பத்தில் பாதி அங்கிருந்து வந்தது.

கட்டுரை ஆசிரியருக்கு எழுதிக் கேட்டேன். தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று அன்போடு பதில் வந்தது. ஆனால் அவர் தம் உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பதிப்பகமோ பதிலே போடவில்லை.

வேறு வழியின்றித் தாளை மூடிவைத்துவிட்டு, விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும், வேலையை மேற்பார்க்கும் மண்டோருடன் மரத்தடிக்குப் போனேன். வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஏறக்குறைய முப்பது பாகைச் சரிவில் இறங்குகிறது. பட்டைக்குள் பால்குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், இந்தத் திசையில் வெட்டினால் கூடுதல் குழாய்கள் திறக்கின்றன. இது மரத்தின் இயல்பு. முதலில் அளந்து எழுதியவருக்கும் இது சொத்தாகாது. பழைய வெட்டையே மெல்லச் சீவித் திறக்கும் முறையை, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி 1890களில் வகுத்தார். அவர் எழுதிய வாக்கியங்களுக்குப் பதிப்புரிமை இருந்திருக்கலாம். உளியைப் பிடித்த கைக்கு அது எந்தக் காலத்திலும் தடையாக இருந்ததில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, ஒரு கணக்கெழுதும் முறையைப் பற்றிய வழக்கில் இதையே சொன்னது: நூலின் விளக்கம் ஆசிரியருடையது, அந்த முறையைக் கையாள எவருக்கும் உரிமை உண்டு.

கையேட்டைப் புதிதாக எழுதினேன். விளைச்சல் எண்களை எடுத்துக்கொண்டேன், ஏனெனில் அளந்தறிந்த எண் ஓர் உண்மை. அட்டவணையை மட்டும் என் தேவைக்கேற்ப வேறாக அமைத்தேன். படத்தை மரத்தைப் பார்த்து நானே வரைந்தேன், கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. எண்களைத் தந்த கட்டுரையின் பெயரைப் பக்கத்தின் அடியில் குறித்தேன். சட்டம் கேட்காவிட்டாலும், அடுத்தவர் உழைத்துக் கண்டதை நம்முடையதுபோல் எழுதுவது ஆய்வுலகில் களவுதான்.

சீவும் ஆழத்தை விளக்கத்தான் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகளாகப் பால்வெட்டும் ஓர் அக்கா, "பட்டையைச் சீவு, மரத்தைத் தொடாதே" என்றார். எழுத்திலோ ஒலிப்பதிவிலோ ஏறாத பேச்சுக்கு நம் சட்டத்தில் பதிப்புரிமை இல்லை. ஆனாலும், "அக்கா, இதைப் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். அவர் பால் சேரும் கிண்ணமான மங்கைக் கவிழ்த்துத் துடைத்தபடியே, "என் பேரையும் போடுவியா?" என்றார். மூன்றாம் பக்கத்தில் போட்டேன்.