பாதிக் கூடையை வைத்துவிட்டுப் போனவர்

மார்த்தா மரியாள் வாசகம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஜூலை மாத ஞாயிறொன்றில் வரும். அன்றைக்குக் கோயிலில் உட்காரவே எனக்குக் கூச்சமாக இருக்கும். பிரசங்கம் எப்படிப் போகும் என்று தெரியும். இயேசுவின் காலடியில் உட்கார்ந்த மரியாள் நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள், அடுப்படியில் நின்ற மார்த்தா வாங்கிக்கட்டிக்கொண்டாள். திருநாளுக்கு 200 பேருக்குச் சோறு வடித்த எங்களைப் போன்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வோம். பூசை முடிந்ததும் அந்தச் சுவாமிக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பதும் நாங்கள்தான். அது வேறு கதை.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. வின்சென்ட் டி போல் சபையில் 14 வருடமாக இருக்கிறேன். படுக்கையில் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, கிளினிக்குக்குக் கூட்டிப்போவது, தொழிலாளர் வரிசை வீடான லயம் ஒழுகினால் தகரம் தேடுவது என்று நாள் ஓடிவிடும். போன வருடம் ஓர் இரவு ஜெபமாலையை எடுத்தேன். மூன்றாவது மணியிலேயே மனசு மறுநாள் ஓட்டோ கூலிக்குக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. பத்துப் பத்து மணியாக ஐந்து பத்தும் முடிந்தபோது ஓட்டோ கணக்கும் முடிந்திருந்தது, ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மறுநாள் காலை, நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டியிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். சோற்றுப் பார்சலை வைத்துவிட்டு வெளியே வந்ததும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம்தான் ஹப்புத்தளைப் பக்கத்து அடிஷாம் மடத்துக்குப் போய்வரலாம் என்று கிளம்பினேன்.

சனிக்கிழமை பதுளை ரயில். நானுஓயா தாண்டியதும் குளிர் ஏறியது. 6,200 அடிக்கு மேலே இருக்கும் பட்டிப்பொலயில் மூடுபனி பெட்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஊவா மாகாணம். இந்தப் பக்கம் தூறல், அந்தப் பக்கம் பளிச்சென்று வெயில். எத்தனை முறை போனாலும் அந்த இடத்தில் நான் எழுந்து நின்றுவிடுவேன். இரவு ஹப்புத்தளையில் அக்கா வீட்டில் தங்கிவிட்டு, ஞாயிறு பூசை கண்டு, தங்கமலைப் பாதையில் நடந்து போனேன். மூன்று கிலோமீட்டர்தான்.

மடம் என்று சொன்னாலும் பார்வைக்கு அது துரை பங்களாதான். சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கல் வீடு. அப்பா இங்கிலாந்தில் குருவாக இருந்த ஊரின் பெயரையே வீட்டுக்கும் வைத்தாராம். 1960களில் பெனடிக்ட் சபைத் துறவிகளின் கைக்கு வந்தது. என் அம்மா கொழுந்து பறித்த காலத்தில் இப்படியொரு பங்களாவின் முன்வாசலை மிதித்திருக்க முடியாது. நான் செருப்போடு போய் நின்றேன். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்.

ஜாம் விற்கும் இடத்தில் கூட்டம். நான் தோட்டப் பக்கம் ஒதுங்கினேன். அங்கே ஒரு துறவி குனிந்து ஸ்ட்ரோபெரி பறித்துக்கொண்டிருந்தார். இலையை இடது கையால் தூக்கி, பழத்தைத் தொடாமல் காம்பை நகத்தால் கிள்ளும் லாவகம் கொழுந்துக்காரிக்கு உடனே பிடிபடும். கூடை பாதி நிறைந்திருந்தது. உள்ளே மணி அடித்தது. பறித்த பழத்தைப் போட்டார், கூடையை வரப்பில் வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் செடியில் இன்னும் நாலு பழம் பழுத்துத் தொங்கியது. எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு நிமிட வேலை, முடித்துவிட்டுப் போயிருக்கலாமே!

பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் 43ஆம் அதிகாரம் அதற்கு இடமே வைக்கவில்லை. ஜெபவேளை மணி கேட்டதும் கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு விரைந்து வா என்கிறது. வேலையை மட்டமாக நினைத்தவரல்ல அவர். 31ஆம் அதிகாரத்தில், மடத்துச் சட்டி பானையையெல்லாம் பீடத்துப் பாத்திரம்போலப் பார் என்கிறார். வேலையும் புனிதம்தான், ஆனாலும் மணி அடித்தால் வைத்துவிடு. எங்களுக்கும் மணி இருந்தது. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒன்று, தேயிலை ஸ்டோர் சங்கு ஒன்று. எல்லாம் வேலைக்குப் போகச் சொன்ன மணிகள். வேலையை வைத்துவிட்டு வா என்று ஒரு மணி எனக்கு அடித்ததே இல்லை. அடித்திருந்தாலும் நாலு பழத்தைப் பறித்துவிட்டுத்தான் போயிருப்பேன்.

எங்கள் சபைக்குப் பெயர் தந்த வின்சென்ட் இதைத் தலைகீழாகச் சொன்னவர். ஜெபவேளையில் ஓர் ஏழைக்கு மருந்து கொண்டுபோக வேண்டிவந்தால் கலங்காமல் எழுந்து போங்கள், கடவுளுக்காகக் கடவுளை விட்டுப் போகிறீர்கள் என்று தன் சபைச் சகோதரிகளிடம் சொன்னார். இதை 14 வருடமாக நான் சாக்காகவே வைத்திருந்தேன். எழுந்து போவதற்கு முதலில் உட்கார்ந்திருக்க வேண்டுமே. கண்டியில் 1697இல் அம்மை பரவி, நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு ஊரே ஓடியபோது புனித யோசேப் வாஸ் அங்கேயே நின்று அவர்களைக் கழுவித் துடைத்தார். அவர் கோவாவில் சேர்ந்திருந்த சபைக்கு ஜெபக்கூடம் என்றுதான் பெயர்.

அன்று அடிஷாமில் பெரிய அனுபவம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அதில் பத்து நிமிடம் போல அமைதியாக இருந்திருப்பேன். மிச்ச நேரம் வரப்பில் இருந்த கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு போத்தல் ஜாம் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பாட்டியின் லயத்துக்குப் போனேன். ஜாமைக் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தேன்.

"புளிக்குது" என்றாள். ஆனால் வாயை மறுபடி திறந்தாள்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும், "என்ன புள்ள, இன்னைக்கு அவசரமில்லையா?" என்று கேட்டாள். சோற்றுப் பார்சலை வைத்துவிட்டு எரிந்து விழுந்த நாளை அவளும் மறக்கவில்லை போலும். ஜெபமாலை சொல்லலாம் என்றேன். பல் இல்லாத வாயால் அவளே தொடங்கினாள். இரண்டாவது பத்தில் திடீரென்று என் கையைப் பிடித்தாள். வெளியே போகவேண்டுமாம்.

ஜெபமாலையை ஜாம் போத்தலின் மேல் வைத்துவிட்டு அவளைத் தூக்கி நிறுத்தினேன். கழுவிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைக்க அரை மணி நேரம் ஆனது.

"எங்க விட்டோம்?" என்று கேட்டேன்.

"நாலாவது மணி" என்றாள்.