நிரலைத் திறந்தாலும் ரிலே விழவில்லை

மீன்தொட்டியின் விளக்கையும் ஃபில்டரையும் கணினியிலிருந்து இயக்கும் வேலை ஒருவழியாக ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டது. நிரலைத் திறக்கிறேன், மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன். ரிலேயிலிருந்து (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சத்தமே இல்லை. ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டை யூஎஸ்பியில் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

யூஎஸ்பி இணைப்புக்குச் சிஹெச்340 சிப் போட்ட ஊனோ குளோன் (ஆர்டுயினோ ஊனோவின் நகல்), நான்கு சானல் ரிலே போர்டு, உபுண்டுவில் பைத்தான், திரைக்கு டிகிண்டர், போர்டோடு பேச பைசீரியல். ஒரு வரிக்கு ஒரு கட்டளை, வேகம் 9600 பாட். சீரியலைப் படிப்பது தனி த்ரெட், வந்த வரி க்யூவுக்குப் போகும், டிகிண்டர் அதை அவ்வப்போது எட்டிப் பார்க்கும். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான், நீட்டவில்லை. உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: போர்ட் தோன்றிய உடனே மறைந்தால் போர்டைச் சந்தேகிக்காதீர்கள். பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை சிஹெச்340-ஐத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும். வீட்டில் யாரும் பிரெயில் கருவி பயன்படுத்தவில்லை என்றால் அந்தப் பேக்கேஜை நீக்கிவிடலாம்.

இனி உண்மையான தொல்லை. நிரல் போர்ட்டைத் திறந்ததும் போர்டு ரீசெட் ஆகும், அதாவது முதலிலிருந்து தொடங்கும். ரிலே 'டக்' என்று விழும், தொட்டி இருளும், ஒரு விநாடிக்குப் பிறகு ஸ்கெட்ச் (போர்டுக்குள் இருக்கும் நிரல்) ஓடத் தொடங்கும். மின்விளக்கு சோதனைக்கு இது பரவாயில்லை. தொட்டிக்குள் நியான் டெட்ராக்கள் இருக்கும்போது பரவாயில்லை என்று விட முடியாது. விளக்கு திடீரென்று அணைந்து எரிந்தால் அவை மிரண்டு கண்ணாடியில் போய் முட்டுகின்றன. அதோடு, தீனி போடும் நேரத்தில் ஃபில்டரைப் பத்து நிமிடம் நிறுத்தும் கணக்கும் போர்டுக்குள்தான் ஓடுகிறது. ரீசெட் ஆனால் அந்தக் கணக்கும் போச்சு.

ரீசெட்டுக்குக் காரணம் பழுது அல்ல, வேண்டுமென்றே வைத்த வசதி. போர்ட் திறக்கும்போது டிடிஆர் கோடு (கணினி தயார் என்று சொல்லும் சைகை) கீழே இறங்கும். அது ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாகச் சிப்பின் ரீசெட் காலை (பின்) ஒரு கணம் கீழே இழுக்கும். 10 கிலோஓம் ரெசிஸ்டர் மறுபடி மேலே தூக்கும். உடனே புது ஸ்கெட்சை ஏற்றும் பூட்லோடர் எழுந்து, புது ஸ்கெட்ச் வருகிறதா என்று ஏறக்குறைய ஒரு விநாடி காத்திருக்கும். 2007-இல் வந்த டியேசிமிலா போர்டிலிருந்து இந்த வசதி உண்டு. அப்லோடுக்கு முன் பட்டனை அமுக்கும் வேலை அதனால்தான் ஒழிந்தது. ஆனால் வந்திருப்பது அப்லோடா, வெறும் பேச்சா என்று அந்தக் கெப்பாசிட்டருக்குத் தெரியாது.

முதலில் மென்பொருளில் தீர்க்கப் பார்த்தேன். பைசீரியலில் போர்ட்டைத் திறக்கும் முன்பே டிடிஆரை 'இல்லை' என்று வைக்கலாம். லினக்ஸில் அது போதவில்லை: திறக்கும்போது கெர்னலே (லினக்ஸின் மையப் பகுதி) டிடிஆரைச் செயல்படுத்தி, அதாவது கோட்டைக் கீழே இறக்கிவிடுகிறது, பைசீரியல் அதன் பிறகுதான் அணைக்கிறது. அந்த இடைவெளி ரீசெட்டுக்குத் தாராளம். அடுத்தது எஸ்டிடிஒய் கட்டளையால் ஹெச்யூபிசிஎல் என்ற அமைப்பை அணைப்பது. போர்ட்டை மூடினாலும் டிடிஆர் பழைய நிலையிலேயே நிற்கும், அடுத்த முறை திறக்கும்போது மாற்றமே இராது. நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் முதல் திறப்புக்கு உதவாது. கேபிளைப் பிடுங்கிச் செருகினாலும், கணினியை மறுபடி தொடங்கினாலும் அது திரும்ப முதல் திறப்புதான்.

கடைசியில் கைகொடுத்தது பழைய வழி: ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர், மைனஸ் கால் கிரவுண்டில். ஏன் இது வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் நிம்மதி. டிடிஆர் 5 வோல்ட் இறங்கும்போது அந்த இறக்கத்தை 0.1-ம் 10-ம் பங்கு போட்டுக்கொள்கின்றன. ரீசெட் காலில் தெரிவது 5 × 0.1 ÷ 10.1, அதாவது 0.05 வோல்ட் அளவுதான். போர்டின் சிப்பான ஏடிமெகா328பி அதைச் சட்டை செய்யாது. மின்சாரம் வரும்போது 10 கிலோஓமும் 10 மைக்ரோஃபாரடும் சேர்ந்து 100 மில்லிவிநாடி அளவில் தாமதம் தரும், அதனால் ஒன்றும் கெடவில்லை. கெப்பாசிட்டர் இருக்கும்வரை தானாக அப்லோடு ஆகாது என்பதால் நடுவே கழற்றி மாட்டக்கூடிய ஒரு ஜம்பர் வைத்திருக்கிறேன். ஊனோவில் ரீசெட்-ஈஎன் என்று எழுதிய இடத்தில் தடத்தை வெட்டியும் இதைச் செய்யலாம். ஸ்கெட்ச் இன்னும் மாறிக்கொண்டிருக்கும்போது வெட்ட மனம் வரவில்லை.

ரீசெட் நின்றதும் நிரலின் போக்கையே மாற்ற வேண்டியதாயிற்று, அது நல்லதுக்குத்தான். முன்பு திறந்தவுடன் இரண்டு விநாடி தூங்கி எழுந்து, எல்லா ரிலேயும் ஆஃப் என்று வைத்துக்கொண்டு தொடங்கும். இப்போது திறந்ததும் ஒரு கேள்விக்குறியை அனுப்பும். போர்டு நான்கு ரிலேயின் நிலையையும் மீதமிருக்கும் தீனி நேரத்தையும் சொல்லும். திரையிலுள்ள பட்டன்கள் அதன்படி மாறும். பட்டனை அமுக்கினாலும் போர்டிடமிருந்து பதில் வந்த பிறகுதான் நிறம் மாறும். தொட்டியின் நிலை போர்டுக்குத்தான் தெரியும், நிரல் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கணினிவழி எதைக் கட்டுப்படுத்தினாலும் இனி இப்படித்தான் எழுதப்போகிறேன்.

ரிலே பக்கம் இரண்டு விஷயம். இந்தப் போர்டுகள் பெரும்பாலும் லோ (0 வோல்ட்) கொடுத்தால் ஆன் ஆகிற வகை. ஸ்கெட்சில் முதலில் காலை ஹை ஆக்கிவிட்டு, பிறகு அவுட்புட் ஆக்குங்கள். மாற்றிச் செய்தால் தொடக்கத்திலேயே ஒரு துடிப்பு வரும். ஃபில்டரை என்சி முனையில் (ரிலே ஓய்வில் இருக்கும்போது இணைந்திருப்பது) இணைத்திருக்கிறேன்: போர்டு செத்தாலும் ஃபில்டர் ஓடும். விளக்கு என்ஓ முனையில் (ஓய்வில் துண்டித்திருப்பது).

கணினியை அணைத்தாலும் போர்டு ஓட வேண்டும் என்பதால் 9 வோல்ட் அடாப்டர் தனியாக. ஆனால் ஒரு 5 வோல்ட் ரிலேயின் சுருள் 70 மில்லிஆம்பியர் இழுக்கும். நான்கும் சேர்ந்தால் போர்டின் ரெகுலேட்டர் தொட முடியாத அளவுக்குச் சுடும். அதனால் ரிலே போர்டில் சுருள்களின் மின்சாரத்தை மற்றதோடு இணைக்கும் ஜேடி-விசிசி ஜம்பரை எடுத்துவிட்டு, ரிலேக்களுக்குத் தனி 5 வோல்ட். ரிலே போர்டு வாங்கும்போது அந்த ஜம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் வாங்கிய ஒன்றில் படத்தில் இருந்தது, கைக்கு வந்ததில் இல்லை. அதற்குப் பிறகு சென்னை ரிச்சி தெருவுக்கு நேரில் போய்ப் பார்த்துத்தான் வாங்கினேன். 230 வோல்ட் பக்கத்துக்கான டெர்மினல், ஃப்யூஸ் ஹோல்டர் எல்லாம் அங்கேயே கிடைத்தன.

எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடைக்கும் வேலை இன்னும் பாக்கி. அதற்குள் மனசு வெப்பநிலைக்குத் தாவிவிட்டது. கொளத்தூரில் மீன் வாங்கப் போனபோது ஹீட்டரையும் வாங்கி வந்துவிட்டேன். மூன்றாவது ரிலே அதற்கு. டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரை 12 பிட்டில் படித்தால் ஒரு அளவீட்டுக்கு 750 மில்லிவிநாடி வரை ஆகும். லைப்ரரியை அப்படியே விட்டால் அதுவரை ஸ்கெட்ச் அங்கேயே நிற்கும். 9600 பாடில் வரும் எழுத்துகளைத் தேக்கி வைக்கும் 64 பைட் சீரியல் பஃபர் நிரம்ப 70 மில்லிவிநாடி கூட வேண்டாம், அதன் பிறகு வருவது தொலைந்துபோகும். ஆகவே அளவீட்டைத் தொடங்கச் சொல்லிவிட்டு, வேறு வேலை பார்த்து, பிறகு வந்து எடுத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். அந்தப் பகுதியை மட்டும் இன்று ராத்திரி தனி ஸ்கெட்சாக எழுதி ஓட்டிப் பார்க்கப்போகிறேன்.